மனசு, வீடு, காசு: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் உளவியல் கேள்விகள்

பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களிலும் மாதர் சங்கங்களிலும் உளவியல் பற்றிப் பேசப் போனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. மேடைக்கு முன்னால் கேட்பது ஒன்று, பேச்சு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்பது வேறொன்று. இரண்டாவது வகைதான் இங்கே அதிகம். ஆய்வுகளில் உறுதியாக நிற்பது எது, ஆட்டங்கண்டது எது என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எங்கட ஆக்களுக்கு மனத்தைரியம் குறைவு. அதுதானே எல்லாத்துக்கும் காரணம்?

இல்லை. ஒருவர் தடுமாறினால் அவருடைய குணத்தில் குறை தேடுவது மனிதருக்குப் பழகிப்போன ஒன்று. அடுத்தவர் ஏன் அப்படி நடந்தார் என்று யோசிக்கும்போது சூழ்நிலையின் பங்கைக் குறைத்தும் குணத்தின் பங்கைக் கூட்டியும் கணக்குப் போடுகிறோம் என்பதை உளவியலாளர் லீ ராஸ் 1977இல் விரிவாக எழுதினார்.

அதற்கு நான்கு வருடம் முன்னர் டார்லி, பேட்சன் இருவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஒரு பேச்சுக் கொடுக்க வேண்டும். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுகிறார். "இன்னும் நேரம் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 வீதமானோர் நின்று உதவினார்கள். "பிந்திவிட்டீர்கள், ஓடுங்கள்" என்று சொல்லப்பட்டவர்களில் நின்றது 10 வீதம்தான். அவர்களில் சிலர் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய அந்நியனைப் பற்றி பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை!

சின்னச் சோதனைதான். ஆனாலும் கீழே வரும் பதில்களில் பாதிக்கு இதுதான் அடித்தளம். ஆளைத் திட்டுவதற்கு முன்னம் அவர் எந்த அவசரத்தில், எந்தக் கடனில், எந்த வீட்டில் நிற்கிறார் என்று பாருங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரரை வைத்துச் செய்த ஆய்வு. எங்களுக்குப் பொருந்துமா?

நியாயமான சந்தேகம். ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் என்ற மூவர் 2010இல் இதே குற்றச்சாட்டைத் தங்கள் துறையின் மீதே வைத்தார்கள். மேற்கு நாட்டு மாணவர்களிடம் கண்டதை மனிதகுலம் முழுவதுக்கும் பொதுவாக்குகிறீர்கள் என்பது அவர்களுடைய வாதம். அதற்கு மேல், 2015இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு, ஏற்கனவே வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தது. முந்தைய முடிவு தெளிவாகத் திரும்பக் கிடைத்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்.

ஆகவே "ஆய்வு சொல்கிறது" என்று யாராவது தொடங்கினால், எங்கே, யாரிடம், எத்தனை பேரிடம் என்று கேளுங்கள். நான் சொன்னாலும் கேளுங்கள்.

கோபத்தை அடக்கினால் நோய் வரும், கத்தித் தீர்த்தால் மனம் ஆறும் என்கிறார்களே?

பாதி பொய். பிராட் புஷ்மன் 2002இல் 600 மாணவர்களைக் கோபப்படுத்தினார். ஒரு பகுதியினரை, கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையில் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தவர்கள் குத்தியவர்கள்தான். 2024இல் 154 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இதே பக்கம்தான் சாய்ந்தது. உடம்பின் படபடப்பைக் குறைக்கும் வேலைகள், அதாவது மூச்சை ஆறுதலாக விடுவது, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்றவை கோபத்தைக் குறைத்தன. மெதுவோட்டம்கூடக் குறைக்கவில்லை. தொழுகைக்கு முன்னம் உளூச் செய்யும்போதோ கோயில் கிணற்றில் முகம் கழுவும்போதோ கிடைக்கும் அந்தச் சின்ன இடைவெளியை ஆய்வுகூடத்தில் யாரும் அளந்தார்களோ தெரியாது, ஆனால் அது போகிற திசை சரியான திசைதான்.

அடக்குவது பற்றி ஒரு வார்த்தை. முகத்தில் காட்டாமல் உள்ளே புழுங்குவது நல்லதல்ல என்று ஜேம்ஸ் குரோஸ் தொடர்ந்து காட்டியிருக்கிறார். அதே அடக்கம் ஆசியப் பண்பாட்டில் ஊறியவர்களுக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை என்று அவரும் சேர்ந்து செய்த 2007ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. பெரியவர்களுக்கு முன்னால் குரலைத் தாழ்த்துவது வேறு, வருடக்கணக்காகப் பேசாமல் இருப்பது வேறு. கத்துவதும் பேசுவதும்கூட ஒன்றல்ல.

சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசவைக்க வேண்டாமா?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடி, கல்லடி, மருதமுனை, சாய்ந்தமருது, திருக்கோவில் என்று கரை முழுவதும் முகாம்கள் இருந்தன. இலங்கையில் அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். மனநல உதவி என்று வெளிநாடுகளில் இருந்து பலர் வந்து இறங்கினார்கள். அனுபவத்தை உடனே, விரிவாக, வாய்விட்டுச் சொல்லவைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது.

அதற்கு முன்னமே அந்த முறையை ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கிவிட்டன. பிரித்தானியாவில் தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஆய்வொன்று 1997இல் வெளியானது. ஒரேயொரு அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கப்பட்டவர்களில் 26 வீதமானோருக்கு, 13 மாதங்களுக்குப் பிறகு அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தது. அப்படிச் சொல்லவைக்கப்படாதவர்களில் 9 வீதம். 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், எல்லோருக்கும் இதைக் கட்டாயமாகச் செய்வதை நிறுத்துங்கள் என்றே சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் இருப்பது வேறு ஒழுங்கு. பாதுகாப்பான இடம், சாப்பாடு, சொந்தக்காரரோடு சேர்த்துவிடுவது, பேச விரும்பினால் காது கொடுப்பது, விரும்பாவிட்டால் பக்கத்தில் இருப்பது.

இன்னொன்றும் கவனியுங்கள். இலங்கை இளையோரிடம் காயத்ரி பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் செய்த ஆய்வு 2010இல் வந்தது. பேரழிவு மட்டுமல்ல, அன்றாட நெருக்கடிகளும், அதாவது வறுமை, வீட்டுச் சண்டை போன்றவையும் மனத்தைப் பெரிதாகப் பாதித்ததை அது காட்டியது. முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வெந்தவர்களுக்கு இது ஆய்வாகவே தெரியாது. அவர்கள் அன்றைக்கே சொன்னது இதைத்தான்: கதைக்க ஆள் வேண்டாம், வீட்டைத் தாங்கோ.

பேசாமல் இருக்கும் அந்தத் தாய் சமைக்கிறார், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறார், ஆட்களோடு சேர்கிறார் என்றால் அவரைக் கிளறாதீர்கள். நித்திரையில்லை, கடற்கரைப் பக்கமே போக முடியவில்லை, வாழ்க்கை நின்றுபோய்விட்டது என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அது பயிற்சி பெற்றவர் பல வாரங்கள் எடுத்துச் செய்யும் வேலை. ஊர்க்காரர் ஒருநாள் வந்து "அழுது தீர்த்துவிடுங்க மாமி" என்று சொல்வதால் நடப்பதல்ல.

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் இருக்கிறதாமே?

மருத்துவர் எலிசபெத் கியூப்லர் ரோஸ் 1969இல் இதை எழுதியது, தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பார்த்து. பின்னால் அதை எல்லாத் துக்கத்துக்கும் படிக்கட்டாக்கிவிட்டார்கள். துக்கம் படிப்படியாக வருவதில்லை. பெரும்பாலானோர் எந்த வைத்தியமும் இல்லாமல் மெல்ல மெல்ல மீள்கிறார்கள் என்பது ஜோர்ஜ் போனானோ போன்றவர்களின் முடிவு. எட்டுச் செலவு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் என்று ஆட்கள் கூடிக்கொண்டே இருப்பதும், கணவனை இழந்த முஸ்லிம் பெண்களுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பதும், துக்கப்படுகிறவருக்கு நேரமும் துணையும் தருகின்றன. கடன்பட்டுச் சாப்பாடு போடுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

மருமகன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். மாமியும் மருமகனும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. என்ன செய்வது?

மாமியார் மருமகள் சண்டையை இந்தியச் சீரியல்கள் போதுமான அளவு காட்டிவிட்டன. அந்தக் கதை இங்கே பாதி வீடுகளுக்குப் பொருந்தாது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும், தமிழரோ முஸ்லிமோ, குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வருகிறது, வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, கலியாணம் முடித்தவர் பெண்ணுடைய வளவுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே இங்கே புது வீட்டில் விருந்தாளி மாதிரித் தடுமாறுகிறவர் ஆண்தான்.

இதற்கு நேரடியாக உதவும் ஓர் ஆய்வு அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கிறது. டெரி ஓர்பக் 1986இல் கலியாணம் முடித்த 373 தம்பதிகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார். தொடக்கத்திலேயே மனைவியின் பெற்றோரோடு நெருக்கமாக இருந்த கணவர்களுடைய திருமணங்களில் பிரிவு வரும் வாய்ப்பு 20 வீதம் குறைந்தது. கணவனின் பெற்றோரோடு மிக நெருக்கமாக இருந்த மனைவிமாருடைய திருமணங்களில் அது 20 வீதம் கூடியது. ஓர்பக் தரும் விளக்கம் இது. மருமகன் மாமனார் வீட்டை மதித்தால், என் ஆட்களை இவர் ஏற்றுக்கொண்டார் என்று மனைவி குளிர்ந்துபோகிறாள். மருமகள் மிக நெருங்கினால், மாமியார் சொல்லும் யோசனையெல்லாம் தலையீடாகத் தெரியத் தொடங்குகிறது.

அமெரிக்கத் தம்பதிகள் ஒரே வளவில் இருப்பவர்களில்லை. அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆனாலும் எங்கள் ஊர் ஒழுங்கு கெட்ட ஒழுங்கில்லை என்று நினைக்க இடமிருக்கிறது. குழப்பம் பெரும்பாலும் யார் வீட்டில் யாருடைய சொல் என்பதில் வருகிறது. உறுதி மகள் பேரில், அடுப்படி மாமி கையில், உழைப்பு மருமகனுடையது. மாமி, மருமகனிடம் ஒரு காரியத்தில் யோசனை கேளுங்கள். வேலி அடைப்பதா, தண்ணி மோட்டர் வாங்குவதா, ஏதாவது. கேட்டதை அப்படியே செய்தும் காட்டுங்கள். தம்பி, நீங்கள் உங்கள் தாய் வீட்டுக்கு எத்தனை முறை போகிறீர்கள் என்று மாமியை மகளிடம் கணக்குக் கேட்க வைக்காதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

பேசிச் செய்த கலியாணமா, காதலா, எது நிலைக்கும்?

ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளிடம் குப்தாவும் சிங்கும் செய்து 1982இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டி, பேசிச் செய்த கலியாணத்தில் அன்பு வருடத்தோடு வளர்கிறது என்பார்கள். 50 தம்பதிகள் மட்டுமே. அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் 2012இல் பார்த்தபோது இரண்டு வகைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஆய்வைக் காட்டி மகளை மடக்கவும் முடியாது, தாயை மடக்கவும் முடியாது.

கல்லடிப் பாலத்தில் சந்தித்தால் காதல் வருமா? (ஏ.எல். மாணவர் ஒருவர் கேட்டது)

கனடாவில் டட்டன், ஆரன் இருவரும் 1974இல் ஆடும் தொங்குபாலம் ஒன்றில் இப்படி ஒன்றைப் பார்த்தார்கள். பயத்தில் அடிக்கும் நெஞ்சைச் சிலர் ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்களாம். கல்லடிப் பாலம் ஆடாது, தம்பி. படியுங்கள்.

மனுசன் கட்டாரில். போனில் கதைத்தாலே சண்டை. பிரிந்துவிடுவோமோ?

சண்டை இருக்கிறதா என்பதைவிட, சண்டை எப்படி நடக்கிறது என்பதே முக்கியம். ஜோன் கொட்மன் பல தம்பதிகளை ஆய்வுகூடத்தில் பேசவிட்டு, முகத்தையும் வார்த்தையையும் குறித்துக்கொண்டார். நிலைத்த தம்பதிகள் வாக்குவாதத்தின் நடுவிலும் ஒரு கசப்பான வார்த்தைக்கு ஐந்து நல்ல வார்த்தையோ சிரிப்போ வைத்திருந்தார்கள். மிக மோசமான அறிகுறி ஏளனம். உதட்டைச் சுழிப்பது, "உனக்கென்ன தெரியும்" என்பது, அடுத்தவரின் குடும்பத்தையே இழுத்து இளக்காரம் பண்ணுவது. பிரிவை 90 வீதம் முன்கூட்டியே சொல்லலாம் என்று அவர் பேரில் சுற்றும் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். முடிவு தெரிந்த பிறகு போட்ட கணக்கு என்று அதை மற்ற ஆய்வாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள்.

தூரத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படுவது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. ஒருவர் சின்னதாக ஏதாவது சொல்லிக் கவனத்தைக் கேட்கும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று எண்ணினார். ஆறு வருடத்துக்குப் பிறகும் சேர்ந்திருந்தவர்கள் 86 வீதம் திரும்பிப் பார்த்திருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 வீதம்.

"இண்டைக்கு இங்க மழை" என்று நீங்கள் சொல்வது மழைக்காக இல்லை. அங்கிருந்து "ம்" என்று வந்தால் சுடும். ஆனால் அவர் பன்னிரண்டு மணிநேர வேலை முடிந்து, ஆறு பேர் படுக்கும் அறையில், மற்றவர் காது கேட்க நிற்கிறாராக இருக்கலாம். காசு விசயத்துக்கு ஒரு நாளும் சும்மா கதைக்க இன்னொரு நாளும் பிரித்துக்கொண்ட குடும்பங்களில் இந்தச் சண்டை குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்காதீர்கள், அனுபவம்தான்.

கடன்காரர் ஏன் இன்னொரு கடன் எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள்? கணக்குத் தெரியாதா?

தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளிடம் மணி, முல்லைநாதன், ஷாபிர், ஜாவோ என்ற நால்வர் ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களுக்கு அதே மாதிரியான அறிவுச் சோதனை. அறுவடைக்கு முன்னர் ஏதாவது பொருளை அடகு வைத்திருந்தவர்கள் 78 வீதம், பின்னர் 4 வீதம். கைமுடையான நாட்களில் சோதனைப் புள்ளி குறைந்தது, காசு வந்தபின் ஏறியது. ஆள் மாறவில்லை, கையில் இருந்த காசு மாறியது. தலை முழுவதும் கடனை வைத்துக்கொண்டு யோசிப்பவருக்கு வேறு எதையும் யோசிக்க இடம் மிஞ்சுவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எங்கள் பெரும்போகத்தை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கும்போது உரம், எண்ணெய், உழவுகூலி எல்லாம் கடன். மார்கழி, தை வரும்போது கையில் ஒன்றுமில்லை, காப்பு அடகில், பிள்ளைக்குப் புதுவகுப்புக் கொப்பி வேண்டும். படுவான்கரைப் பக்கம் வாராந்த நுண்கடன்காரர் வந்து "கையெழுத்து வையுங்க அக்கா" என்பது அநேகமாக இந்த நேரத்தில்தான். வட்டியைக் கூட்டிப் பார்க்கத் தெரியாதவரில்லை அந்த அக்கா. மாசியில் நெல் விற்ற கையோடு அதே பத்திரத்தை நீட்டினால் பாதிப்பேர் வேண்டாம் என்பார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைக் குடும்பங்களைச் சோதித்த ஆய்வு 2016இல் வந்தது. அதில் அறிவுச் சோதனையில் வித்தியாசமில்லை. அடிக்கடி வரும் சம்பளமும் வருடத்தில் ஓரிரு முறை வரும் வெள்ளாமைக் காசும் ஒன்றல்ல என்பதால் நான் விழுப்புரம் பக்கமே சாய்கிறேன். செய்யக்கூடியது ஒன்று: பெரிய கடன் முடிவுகளை அறுவடை முடிந்த கிழமைக்குத் தள்ளுங்கள். தள்ளவே முடியாதென்றால், கடனில்லாத ஒருவரைப் பக்கத்தில் இருத்திக் கையெழுத்து வையுங்கள்.

சீட்டுப் பிடிப்பது புத்தியா? வட்டிகூட இல்லையே.

சீட்டு பிடிக்கிற ஆள் நம்பிக்கையானவர் என்றால், புத்திதான். நாளைக்குச் சேர்க்கலாம் என்று இன்றைக்குச் செலவழிப்பது எல்லா மனிதருக்கும் உள்ள பழக்கம். நினைத்தவுடன் காசை எடுக்க முடியாத கணக்கொன்றைப் பிலிப்பைன்சில் ஒரு வங்கி கொடுத்துப் பார்த்தது. அந்த வாய்ப்புக் கிடைத்தவர்களின் சேமிப்பு ஒரு வருடத்தில், கிடைக்காதவர்களுடையதைவிடச் சராசரியாக 81 வீதப் புள்ளி அதிகமாக ஏறியது. நைரோபியின் கிபேராவில் பெண்கள் சீட்டில் சேர்வதற்கு ஒரு காரணம், கணவன் கையில் காசு படாமல் காப்பது என்று 2002இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கிபேரா மட்டுமா!

வீடு கட்டும் வேலை பாதியில், லெவல் மட்டத்தில் நிற்கிறது. போட்ட காசு வீணாகிவிடும் என்று மேலும் கடன் எடுக்கலாமா?

போட்ட காசு போய்விட்டது. இனிமேல் போடப்போவதற்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும்தான் கணக்கு. இது எல்லோருக்கும் கசக்கும். ஒன்றை இழக்கும் வலி, அதே அளவு ஒன்றைப் பெறும் மகிழ்ச்சியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி கணித்தார்கள். மேசன் சொல்லும் நாளையும் நம்பாதீர்கள், அவர் பொய் சொல்லாவிட்டாலும். கனடாவில் மாணவர்கள் ஆய்வுக்கட்டுரையை 34 நாளில் முடிப்போம் என்றார்கள், எடுத்தது 55 நாள். தன் வேலைக்குத் தானே நாள் குறிப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான்.

நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்றே எதையும் செய்ய முடியவில்லை.

அமெரிக்காவில் கிலோவிச்சும் மற்றவர்களும் 2000இல் வெளியிட்ட சோதனையில், மாணவர் ஒருவருக்குக் கூச்சமான படம் போட்ட ரீசேட் ஒன்றைப் போட்டு ஆட்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேர் பார்த்திருப்பார்கள் என்று அவர் நினைத்தார். கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

ஆறுதலான முடிவு. ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் அந்நியர்கள். காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ ஓர் ஒழுங்கைக்குள் எல்லோரும் சொந்தம். உண்மையாகவே பார்ப்பார்கள், உண்மையாகவே கதைப்பார்கள். நீங்கள் மிகைப்படுத்திக்கொள்வது அவர்கள் கதைப்பதையல்ல, எவ்வளவு நாள் கதைப்பார்கள் என்பதை. அடுத்த வீட்டில் வேறொன்று நடந்ததும் பேச்சு அங்கே போய்விடும்.

பிள்ளைக்குப் பொறுமையில்லை. இனிப்புச் சோதனையில் காத்திருந்த பிள்ளைகள்தான் முன்னேறினார்களாமே?

வால்டர் மிஷெல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துப் பாலர் பாடசாலையில் செய்த சோதனை அது: இப்போதே சாப்பிட்டால் ஓர் இனிப்பு, காத்திருந்தால் இரண்டு. 2018இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்தபோது, காத்திருப்புக்கும் பிற்கால முன்னேற்றத்துக்கும் இருந்த தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் பெரும்பகுதி கரைந்தது. 2013இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிடப் பிடிக்கும். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவர் முன்னால் பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவர் முன்னால் 3 நிமிடம். பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும் முன்னர், "சனிக்கிழமை பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போறன்" என்று சொன்னது என்ன ஆனது என்று யோசியுங்கள்.

வீட்டில் ஒருவர் சாகப்போறன் என்கிறார். கேட்டால் எண்ணம் கூடிவிடாதா?

கூடிவிடாது, கேளுங்கள். நேரடியாக, ஆறுதலாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தனியே விடாதீர்கள். வயல்வேலைக்கு வைத்திருக்கும் கிருமிநாசினியை வீட்டிலிருந்து அகற்றுங்கள். இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் உச்சத்தில் இருந்து, 2005 ஆகும்போது ஏறக்குறையப் பாதியானது. அந்தக் காலத்தில் நாட்டுக்கு மனத்தைரியம் வந்துவிடவில்லை. கடும் நச்சுக் கிருமிநாசினிகளைத் தடைசெய்ததே முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த நேரம் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும்.

1926 என்பது தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். "எனக்கென்ன விசரா?" என்று ஆள் வர மறுத்தால், மனநலம் என்று தொடங்காதீர்கள். நித்திரை வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அதற்கு ஒருக்கால் டொக்டரிடம் காட்டுவோம் என்று கூப்பிடுங்கள். பெரும்பாலும் அதற்கு வருவார்கள். போகும்போது நீங்களும் உள்ளே போய், அவர் வீட்டில் சொன்னதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.